யாருடைய ஆயுளுக்கு?

போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் சொசைட்டி வாசலில் ஒரு நல்ல வண்டி அநியாயமாக விலை போகப் பார்த்தது. மும்பையில், பாண்டுப் மேற்கில் எங்களுக்கு அடுத்த கட்டடத்து அண்ணாச்சியின் மருமகனுடைய ஆட்டோமேட்டிக் கார் அது. ஒன்பது வருடம் ஆகிறது, 88,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னால் யாரோ இடித்த மாதிரி ஒரு ஜெர்க், அவ்வளவுதான் குறை. புரோக்கர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினான். “கியர்பாக்ஸ் போச்சு” என்று ஒரே மூச்சில் ஒன்றரை லட்சத்தைக் குறைத்தான். “கியர்பாக்ஸ் ஆயிலை எப்பவாவது மாத்தினீங்களா மாப்ளே?” என்று கேட்டேன். “அது லைஃப்டைம் ஆயில் மாமா, மாத்தவே வேண்டாம்னு சொன்னாங்களே” என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

யாருடைய ஆயுள்? வண்டியின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா?

என் வீட்டுப் பால்கனியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன், 92,000 கிலோமீட்டரில், என் வண்டியிலிருந்து வடித்த ஆயில். புதிய ஆயிலை ஊற்றும்போது பார்த்தேன், செம்பருத்திச் சாறு போலச் சிவப்பு. பாட்டிலில் இருப்பதோ பழைய டிகாக்‌ஷன் நிறம். மூடியைத் திறந்தால் அடிப்பிடித்த வாடை. எனக்கும் லைஃப்டைம் என்றுதான் சொன்னார்கள்.

இந்த ஆயில் என்ன வேலை செய்கிறது என்று சொல்லாமலே விற்கிறார்கள் என்பதுதான் என் கோபம். டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் காலுக்கு கிளட்ச் கிடையாது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும் விடுவதும் ஆயிலின் அழுத்தம். எஞ்ஜினின் சுழற்சியை கன்வெர்ட்டருக்குள் கடத்துவது ஆயில். சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில். அது கெட்டு, தேய்ந்த தட்டின் பொடி, அழுத்தத்தைப் பிரித்தனுப்பும் வால்வு பாடியின் மெல்லிய வழிகளில் படிந்தால் அழுத்தம் தாமதமாக வரும். தட்டு வழுக்கி, பிறகு சட்டென்று கவ்வும். அந்தக் கவ்வல்தான் நம் முதுகில் விழும் அடி.

எங்கள் பக்கத்து எல்.பி.எஸ். மார்க் சாலையில் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். மெட்ரோ 4 ரயில் பாதைக்காகத் தகரத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கி எத்தனை வருடம்! பத்தடி நகர்ந்து நிற்கிறோம், மறுபடி பத்தடி. ஒவ்வொரு புறப்பாட்டிலும் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கொதிக்கிறது. மழை வந்தால் பள்ளங்கள் வேறு. எஞ்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்து, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் ‘டக்’கென்று உதைக்கும். சாலை போட்டவன் செய்த பாவத்துக்கு கியர்பாக்ஸ் மேல் பழி. இந்தச் சாலைக்கும் சேர்த்துத்தான் லைஃப்டைமா?

ஜெர்மனியின் இசட்.எஃப். உலகத்துக்கே கியர்பாக்ஸ் செய்து தருகிற நிறுவனம். 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், தப்பினால் எட்டு வருடத்துக்குள், ஆயிலை மாற்று என்கிறது அது. செய்தவன் மாற்றச் சொல்கிறான், அதை வாங்கிக் காரில் வைத்து விற்கிறவர்களில் சிலர் வேண்டாம் என்கிறார்கள். நாம் விற்கிறவன் பேச்சைக் கேட்கிறோம். 2013-இல் ஃபோக்ஸ்வேகன் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டிகளில் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. சூடும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் நின்று நின்று ஓடும்போது மின்கோளாறு வருகிறது என்பதுதான் காரணம். அது வேறு வகைப் பெட்டி, இருக்கட்டும். ஆயிலுக்கு ஊரும் வெயிலும் தெரியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

“ஆட்டோமேட்டிக்னா ஜெர்க் இருக்கத்தான் செய்யும்” என்று இன்னொரு கூட்டம். 2014-இல் செலேரியோ காரோடு ஏ.எம்.டி. வந்த பிறகு பிறந்த பேச்சு இது. அதில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். நம் கால் செய்ததை ஒரு ஹைட்ராலிக் கருவி செய்கிறது. அதன் தலையாட்டலை வைத்து எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஜாதகம் கணிப்பது என்ன நியாயம்?

மூன்று வருடத்துக்கு முன் இதே ஜெர்க் வந்தபோது என் வண்டிக்கும் சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸை முழுசாக மாற்ற 1,80,000 ரூபாய் என்றார்கள். டேப்லெட்டில் கணக்குப் போட்ட பையன் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையே பல வண்டிகளில் எடுத்துவிட்டார்களே, நாமும் பார்க்க முடியாது. நான் பாண்டுப் ஸ்டேஷன் பக்கத்து கேரேஜுக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பாய் முதலில் மவுண்ட்டை ஆட்டிப் பார்த்தார், ஒன்று கிழிந்திருந்தது. பிறகு ஆயிலை வடித்தார். ஒரு தடவையில் பாதிதான் இறங்கும், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும் என்று, ஒரு வாரம் ஓட்டவிட்டு மறுபடி வடித்து ஊற்றினார். அடித்தட்டுக் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு விரல் மொத்தம் ஒட்டியிருந்தது. ஸ்கேனரில் சூடு பார்த்து, எஞ்ஜின் ஓட ஓட அளவு சரிசெய்து, கம்ப்யூட்டர் படித்துவைத்த பழைய கணக்கை அழித்தார். மவுண்ட்டும் சேர்த்து 19,000 ரூபாய். மூன்று வருடம், 30,000 கிலோமீட்டர் ஆயிற்று, ஒரு ஜெர்க் இல்லை.

பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் அந்த பாட்டிலைக் காட்டுவேன். தட்டு கருகித் தேயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஆயில் ஊற்றினவர்கள் பரப்பிய கதை அது.

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், புரோக்கரிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்று. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வண்டியோடு வருகிறார். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நானும் கேரேஜுக்குக் கூடப் போகிறேன்.