குரலில் பேசும் செயலி வேண்டும்
கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால், எழுத்து நிறைந்த செயலி உதவாது. அது நம்மூர்ப் பேச்சில், குரலில் பேச வேண்டும். மலையில் சிக்னல் இல்லாதபோதும் திறக்க வேண்டும். கீமோவுக்குப் பின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், "விடியட்டும்னு இருக்காதீங்க, இப்பவே கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று அது சொல்லியே ஆக வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் ஓர் இரவு பெரிய தாமதம். பல வீடுகளில் போன் மகன் கையில் இருக்கிறது. மார்பைப் பற்றி அவனிடம் கேட்கத் தாய் கூசுவாள். அந்தக் கூச்சத்தை மதித்து, அவள் மட்டும் திறக்கும் பகுதி ஒன்று வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூடவே அலையும் மகளுக்கும் ஒரு பகுதி வேண்டும். அந்த மகள் சாப்பிட்டாளா என்று யாரும் கேட்பதில்லை.