நான்கில் எது சரி?



மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் தம் மகளின் மாதிரி வினாத்தாளில், ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் பொருந்தி வருவதாகவும், பயிற்சி நிலையத்தார் ஒன்றுக்கே மதிப்பெண் தருவதாகவும் சேலையூரிலிருந்து ஒரு தாய் எழுதியுள்ளார். 'இது நியாயந்தானா?' என்பது அவரது வினா.

தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்துப் பயிற்சி நிலையங்களில் மட்டும் நேரும் பிழையன்று இது. 2024 மே மாத நீட் தேர்வில், 'ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை' என்ற கூற்று சரியா என்று இயற்பியலில் கேட்டனர். பழைய என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் அவ்வாறே கூறியது. புதிய பதிப்போ 'பெரும்பாலான தனிமங்களின்' என்று திருத்தியிருந்தது. யுரேனியம், ரேடியம் சிதைவதை அறிந்தோர்க்குத் திருத்தமே உண்மை. எனினும் அரசு நூலை நம்பிய பிள்ளை செய்த குற்றம் யாது? முதலில் இரு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கினர். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர் மூவரின் கருத்தைக் கேட்டு, ஜூலை 23 அன்று ஒரு விடையையே ஏற்றது. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தலா ஐந்து மதிப்பெண் இழந்தனர். 720க்கு 720 பெற்றிருந்த 61 பேர் 17 ஆகக் குறைந்தனர்.

தமிழில் எழுதியோரின் துயரம் இன்னும் பழையது. 2018 நீட் வினாத்தாளின் தமிழாக்கத்தில் 49 வினாக்கள் பிழையாயிருந்தன எனக் கண்டு, வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் ஜூலை 10 அன்று ஆணையிட்டது. சிறுத்தை அதில் 'சீத்தா' ஆகியிருந்தது! நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வின் விதி. ஆங்கிலம் அறியாததால்தானே தமிழைத் தேர்ந்தெடுத்தான் அம்மாணவன்?

சகோதரி, வினாத்தாளை நீங்களே சோதித்துப் பாருங்கள். விடைகளை மறைத்துவிட்டு வினாவை மட்டும் படித்தால் என்ன கேட்கிறார்கள் என்று விளங்க வேண்டும். சரியான விடை மட்டும் நீண்டிருந்தால் படிக்காதவளும் கண்டுபிடித்துவிடுவாள். நீட் தேர்வில் சரிக்கு நான்கு, தவறுக்குக் கழித்தல் ஒன்று. கண்ணை மூடிக் குறித்தாலே சராசரியாகக் கால் மதிப்பெண் கிட்டும். இரண்டை விலக்கிவிட்டுக் குறித்தால் ஒன்றரை. தரமற்ற வினா, உழைத்தவளையும் ஊகித்தவளையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுகிறது.

மகளின் ஐயத்தைப் பாடநூலின் பக்கத்தோடு எழுதி ஆசிரியரிடம் தரச் சொல்லுங்கள். எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் குறிக்கட்டும். உண்மைத் தேர்வில் தற்காலிக விடைக்குறிப்பு வெளியானபின், கட்டணம் செலுத்தி ஆட்சேபிக்கச் சில நாட்களே அவகாசம் உண்டு. அந்நாட்களில் பழைய நூல்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.