இணையத்தில் பெயரின்றி எடுத்தாளப்படும் படைப்புகள்: கோரிக்கை மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், எழுத்தாளர்கள் மற்றும் புகைப்படக் கலைஞர்கள் சங்கம், வானகரம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர், காவல் ஆணையர் அவர்கள், ஆவடி.

பொருள்: பிறர் படைப்பை அனுமதியின்றி இணையத்தில் எடுத்தாள்வது குறித்த புகார்களை ஏற்று நடவடிக்கை எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கல்யாண மண்டபங்களை நம்பிப் பிழைக்கும் போட்டோகிராபர்கள், ஆல்பம் வடிவமைப்பவர்கள், மெஹந்தி போடும் பெண்கள், சிற்றிதழ்களில் எழுதுவோர் ஆகியோர் எங்கள் உறுப்பினர்கள். இவர்களில் பலருக்கு இன்ஸ்டாகிராம் பக்கம்தான் கடை. விடியற்கால முகூர்த்தத்தில் நின்று எடுத்த படத்தின் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டு, இன்னொருவர் தன் பெயரைப் போட்டு ஆர்டர் பிடிக்கிறார். எழுதியவர் பெயர் உதிர்ந்த கட்டுரை ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி எழுதியவருக்கே வந்து சேர்கிறது.

பகிர்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. பாரதியின் எழுத்துகளை 1949-ல் அரசுடைமையாக்கி, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிய மாநிலம் இது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களையும் அங்கே காணலாம். அந்த நேர்மையைத்தான் கேட்கிறோம்.

புகழ் பெற்றவர்களுக்கே தம் பெயர் இடம்பெறப் போராட வேண்டியிருக்கிறது. 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலைக் கொண்டாடிய ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில், அதை எழுதிப் பாடிய கலைஞர் அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் பகிரங்கமாகக் கேட்ட பிறகே அவருக்கென டிஜிட்டல் அட்டை வந்தது. எங்கள் மெஹந்தி கலைஞருக்காக யார் கேட்பார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. கூலிக்கு எடுத்த கல்யாணப் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொன்ன வீட்டாருக்கே சேரும் என்று 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்வதை அறிவோம். ஆனால் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமையை, விற்ற பிறகும் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது 57-ஆவது பிரிவு. 63-ஆவது பிரிவின்படி மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. இருந்தும், காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போன எங்கள் உறுப்பினர்களிடம் ‘ரெஜிஸ்டர் பண்ணிய சான்றிதழ் எங்கே?’ என்றுதான் கேட்கிறார்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமே இல்லை. படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

திரைப்படத் திருட்டுக்காக 2004-ல் குண்டர் சட்டத்தையே திருத்தியது தமிழக அரசு. அத்தனை கடுமை எங்களுக்கு வேண்டாம். ஆவடி காவல் ஆணையரகத்தில் இத்தகைய புகார்களுக்கென ஓர் அதிகாரி இருக்க வேண்டும். மூலக் கோப்பையும் அதிலுள்ள தேதியையும் சான்றாக ஏற்று, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதை அன்றே தர வேண்டும். சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை போக வேண்டும். எங்கள் முதன்மைக் கோரிக்கைகள் இவைதான்.

2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, குறித்த கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். அந்தப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இ-சேவை மையங்களில் இதற்கு உதவ ஆட்சியர் அவர்கள் ஆணையிட வேண்டும்.

அரசு நிகழ்ச்சிப் பதாகையிலும் துறைகளின் சமூக ஊடகப் பக்கங்களிலும் படம் எடுத்தவர், வரைந்தவர் பெயர் இடம்பெற வேண்டும். ஊதியமும் தரப்பட வேண்டும். நாட்டுடைமையான நூல்களின் பட்டியலை நூலகங்களில் ஒட்டினால், எந்தப் பிடிஎஃப்பைத் தயக்கமின்றி அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்பது வாசகருக்குத் தெரியும்.

பறிபோன படங்களின் மூலக் கோப்புகளும் திரைப்பிடிப்புகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
இடம்: வானகரம்