ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாத்தியாரின் வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும், மகளுக்கோ மருமகளுக்கோ ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போய்விடலாம், வருத்தமில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வரும் கோளாறு என்ன என்று வீட்டிலேயே பாதிக்குமேல் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதைச் சரிசெய்யும் வேலையில் பெரும்பகுதியை வீட்டில் செய்யக் கூடாது. நம் ஊரில் இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். என்ன கோளாறு என்று பார்க்கிற வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, சரிசெய்கிறேன் பேர்வழி என்று யூடியூபைப் பார்த்து பாட்டில் பாட்டிலாக மருந்தை ஊற்றுகிறோம்.

முப்பது வருடத்துக்குமேல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் நான். மெக்கானிக் அல்ல. ஆனால் கார் விஷயமாக என்னைத் தேடி வருகிற பழைய மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காரணம் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் ஆட்டோமேட்டிக் என்றால் வசதிக்காரர்கள் சமாசாரம். 2014 பிப்ரவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி செலேரியோ வந்தது. சாதாரண கியர்பாக்ஸின் மேல், இத்தாலிய மாக்னெட்டி மரெல்லி நிறுவனத்தின் நுட்பத்தில் ஒரு இயந்திரக் கையைப் பொருத்தி, நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகிற விலையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பாளையங்கோட்டை தெருக்களில் இடது காலுக்கு வேலை இல்லாத வண்டிகள் பெருகிவிட்டன. வண்டி பெருகிய அளவுக்கு அதைப் பற்றிய அறிவு பெருகவில்லை.

போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் படித்த பெண், இப்போது அவளே ஓர் ஆசிரியை. தினமும் அம்பாசமுத்திரம் பக்கம் காரில் போய் வருகிறாள். ஒருநாள் வந்து நின்றாள்.

"சார், வண்டி கியரு விழ மாட்டக்கு. என்லயே நின்னுக்கிட்டு பீப் பீப்னு கத்துது. கொண்டுபோய்க் காட்டுனேன். கியர் போடுத மெஷினையே முழுசா மாத்தணும்னு சொல்லுதாவ."

சொன்ன தொகை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. எந்த இடம் என்பது இங்கே வேண்டாம்.

"எந்நேரம் தாயி இப்படிப் பண்ணுது? காலையிலயா, சாயந்தரமா?" என்றேன்.

யோசித்தாள். "காலையில மட்டுந்தான் சார். சாயந்தரம் ஒரு தொல்லையும் இல்ல."

இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலை, வண்டியைத் தொடும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். இது 11.9. ஸ்டார்ட் செய்யும்போது 9க்கும் கீழே போனது. இந்த வகைக் காரில் கிளட்சை அமுக்குவதும் கியரைத் தள்ளுவதும் எண்ணெய் அழுத்தம். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது ஒரு சின்ன மின்பம்பு. இரவெல்லாம் நின்று சோர்ந்த பேட்டரியால் அந்தப் பம்பை ஒழுங்காகச் சுற்ற முடியவில்லை. மின்சாரம் குறைந்தால் கணினிப் பெட்டிக்கும் புத்தி தடுமாறும். சாயந்தரம் வண்டி ஓடி வந்த சூட்டில் பேட்டரி தெம்பாக இருக்கும், அதனால் அப்போது தொல்லை இல்லை. பேட்டரியை மாற்றினாள். அதோடு சரி.

எல்லாக் கோளாறும் பேட்டரிதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கேட்கும் முறையைத்தான் சொல்ல வந்தேன். எப்போது வருகிறது? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏற்றத்திலா, சமதரையிலா? எந்தக் கியரில்? ஒரு வாரம் ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அந்த நோட்டோடு போகிற வாடிக்கையாளரிடம் 'முழுசா மாத்தணும்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பரிசோதனைக் குறிப்பேடு எழுதச் சொன்னால் முணுமுணுத்த பயல்கள் எல்லாம் இப்போது கார் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்பது ஒரே பொருள் இல்லை.

மேலே சொன்னது ஏ.எம்.டி. உள்ளே இருப்பது உங்கள் அப்பா ஓட்டிய அதே கியரும் அதே கிளட்சும்தான். பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், கியர் விழும். ஆகவே பிரேக் விளக்கு சுவிட்ச் கெட்டாலும் 'கியர் விழல' என்றுதான் தோன்றும். பேரனைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை. கிளட்ச் தேய்வதும் இதில் சகஜம். ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது நெரிசலில் நின்றால், பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைக்கிறார்கள். காரையார் மலைப்பாதையிலும் இதையே செய்கிறார்கள். பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் கிளட்ச் தட்டு உராய்ந்து கருகும். ஒரு காட்டமான வாடை வரும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள், கிளம்பும்போது கைப்பிரேக்கின் உதவியோடு கிளம்புங்கள், மலையில் மேனுவலுக்கு மாற்றி முதல் கியரிலேயே போங்கள். இன்னொன்று, புதுக் கிளட்ச் மாட்டிய பிறகு அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்துக் கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பாடத்தை நடத்தாமல் விட்டால் வண்டி குதிக்கும். மாட்டிய சாமானைக் குறை சொல்லி இன்னொன்று வாங்கச் சொல்வார்கள்.

இரண்டாவது டார்க் கன்வெர்ட்டர். ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905இல் காப்புரிமை வாங்கிய எண்ணம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வகுப்பில் இதைக் காட்டும்போது பின்பெஞ்சுகூட எழுந்து நின்று பார்க்கும். இந்த வகைக்கு எண்ணெய்தான் உயிர். எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது என்று அர்த்தம். டி போட்டதும் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் இழுக்கிறது என்றால் எண்ணெய் குறைந்திருக்கலாம், அழுத்தம் போதாமலிருக்கலாம்.

மூன்றாவது சி.வி.டி. இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவில் எஃகு பெல்ட். இதில் எஞ்சின் சத்தம் முன்னால் ஓடி, வேகம் பின்னால் வருவது இயல்பு. அதை வழுக்கல் என்று நினைத்து ஓடி வருகிறவர்கள் உண்டு. இதே தத்துவம்தான் உங்கள் வீட்டு ஸ்கூட்டரிலும் ரப்பர் பெல்ட்டோடு இருக்கிறது. கைனெடிக் ஹோண்டா காலத்திலிருந்தே நாம் ஆட்டோமேட்டிக் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கை துறுதுறுக்கிறவர்கள் அந்த ஸ்கூட்டர் பெல்ட்டில் கை வையுங்கள், அது வீட்டில் செய்யக்கூடிய வேலை. நான்காவதான இரட்டைக் கிளட்ச் வகை பற்றி ஒரே வரி: உலர் கிளட்ச் உள்ள வண்டியை டவுன் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் சூடாகும், எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

வீட்டில் வேறு என்ன பார்க்கலாம்? இரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் சொட்டைப் பாருங்கள். நிறமில்லாத தண்ணீர் ஏ.சி.யுடையது, கவலை வேண்டாம். கறுப்பும் பழுப்பும் எஞ்சின் ஆயில். சிவப்பாக, வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் எண்ணெய். நல்ல எண்ணெயில் தெளிவு இருக்கும். கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சொருகு துளை இருக்கும். சின்னக் கருவி ஒன்றை அதில் சொருகிக் கைபேசியில் கோளாறு எண்ணைப் படிக்கலாம். பி0700 என்று வந்தால் பதறாதீர்கள். கியர்பாக்ஸ் கணினி ஏதோ ஒரு குறையைப் பதிவு செய்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. என்ன குறை என்பது அந்தக் கணினிக்குள் இருக்கும். மலிவான கருவிகள் பல அதுவரை போவதில்லை. பி0700ஐ மட்டும் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் போச்சு என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். அது காய்ச்சல் இருக்கிறது என்று மட்டும் சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது மாதிரி.

இதற்கு மேல் வீட்டில் வேண்டாம் என்கிறேன். உள்ளே எண்ணெயைத் திசை பிரித்து அனுப்புகிற பகுதியில் மெல்லிய வழிகளும் சின்னச் சின்ன வால்வுகளும் இருக்கும். துடைத்த துணியின் ஒரு நூல் போதும், ஒரு வால்வு சிக்கிக்கொள்ள. எண்ணெய் மாற்றுவதும் சுலபமில்லை. கழற்றினால் பாதிகூட வெளியே வராது, மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். குறிப்பிட்ட சூட்டில்தான் அளவு பார்க்க வேண்டும். சி.வி.டி.க்கு ஊற்ற வேண்டியது வேறு, டார்க் கன்வெர்ட்டருக்கு வேறு. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று விற்கிற பாட்டில் மருந்தை நான் நம்புவதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம். 2023 டிசம்பர் 17, 18 யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றன. வடிந்த பிறகு பலர் செய்த முதல் காரியம், சாவியைப் போட்டு ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்தது. கியர்பாக்ஸுக்கு ஒரு மூச்சுத் துளை உண்டு. வண்டி மூழ்கினால் அதன் வழியே தண்ணீர் இறங்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் சிவப்பு எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டுகளில் காகிதம் போன்ற ஒரு பூச்சை எஃகின் மேல் ஒட்டியிருப்பார்கள். ஊறினால் அது உரிந்து வரும். ஓட்டாமல் விட்டிருந்தால் எண்ணெயை வடித்துச் சுத்தம் செய்து பிழைக்க வாய்ப்புண்டு. ஓட்டிவிட்டால் அந்த உரிந்த துகளெல்லாம் வால்வுகளுக்குள் போகும். காப்பீட்டிலும் இது இடிக்கும். தண்ணீருக்குப் பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று மறுப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா, அதில் கியர்பாக்ஸும் அடங்குமா என்று ஐப்பசிக்கு முன்பே பார்த்து வையுங்கள். இழுத்துப் போகும்போதும் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஓட்டுச் சக்கரம் தரையில் உருண்டால் எண்ணெய் ஓடாத கியர்பாக்ஸ் உள்ளே தேயும். மேலே ஏற்றிப் போகிற வண்டியைக் கேளுங்கள்.

இனி என் ஆதங்கம். நம் வண்ணார்பேட்டையிலும் தச்சநல்லூரிலும் அம்பாசிடர் கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிய கைகள் இருந்தன. அவர்களிடம் தொழில் கற்ற பையன்கள் இன்று ஆட்டோமேட்டிக் என்றதும் 'கம்பெனிக்குக் கொண்டு போங்க அண்ணாச்சி' என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அறிவில்லாமல் இல்லை. ஸ்கேனரின் உள்கதவும் பழுதுபார்க்கும் புத்தகமும் உதிரிபாகமும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. இது என் புலம்பல் மட்டுமில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கு மேலே மேலே போனது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஒரு குழு போட்டு, ஒரு இணையதளமும் திறந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் கார்களுக்கென்றே 2012இல் சட்டம் போட்டுவிட்டது. நம் பக்கத்துத் தெரு மெக்கானிக்கின் மேசைக்கு இதெல்லாம் இன்னும் வந்து சேரவில்லை.

கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கும் என் மாணவர்கள் வேலை செய்கிறார்கள். 'சார், பிரிச்சுப் பாக்க எங்களுக்கு நேரம் தர மாட்டக்காவ, மாத்தத்தான் சொல்லுதாவ' என்று அவர்களே சொல்கிறார்கள். கோளாறைத் தேடுகிற நேரத்துக்குக் கூலி இல்லை, புதுச் சாமான் மாட்டினால் கூலி உண்டு என்றால் யார் தேடுவார்கள்? நாமும் அப்படித்தான். அரை நாள் சோதித்துவிட்டு 'ஒரு வயர்தான் லூஸ்' என்கிறவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க மனசு வராது. ஒரு வயருக்கு ஆயிரமா என்போம். பெரிய பெட்டியைத் தூக்கி மாட்டினால் பேசாமல் கொடுப்போம். கண்டுபிடித்ததற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் மாலை நேரத்தில், கார் வைத்திருப்பவர்களும் மெக்கானிக் பையன்களும் சேர்ந்து உட்கார்கிற மாதிரி இரண்டு மூன்று வகுப்பு நடத்தக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மல்டிமீட்டரும் இரண்டு விசிறியும் என்னிடம் உண்டு. வெட்டிக் காட்ட ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். வெள்ளத்தில் போன வண்டி யார் வீட்டுக் கொட்டகையிலாவது இன்னும் கிடந்தால், இரும்புக்கடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடை விலை நானே கொடுத்துவிடுகிறேன்.