வாடகை வீடும் எழுதாத காகிதமும்

"வாடகையை எப்படி ஏற்றுவது? குடியிருப்பவனை எப்படிக் காலி செய்ய வைப்பது? எழுதிக் கொடுத்தால் நம் கைக்கே விலங்காகிவிடுமா?" வீட்டுச் சொந்தக்காரர்கள் வக்கீல்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. சட்டத்தில் இவற்றுக்குப் பதில் இருக்கிறது. லைன் வீட்டில் குடியிருக்கும் மில் தொழிலாளிக்கு அந்தப் பதில் தெரியுமா என்பதே நமது கேள்வி.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஓட்டைகள் பல இருந்தன. ஆனாலும், நியாய வாடகையை நிர்ணயிக்கும்படி அதிகாரியிடம் கேட்கும் உரிமை அதில் இருந்தது. 2017ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதை ரத்துச் செய்துவிட்டது. வாடகை என்பது இரு தரப்பாரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை என்று அது சொல்கிறது. ஐம்பது வீட்டுக்குச் சொந்தக்காரரும், ஷிப்ட் முடிந்து ஒண்ட ஓர் அறை தேடுகிற தொழிலாளியும் சரிசமமாக உட்கார்ந்து பேசுவார்களாம்! யாரை ஏமாற்ற இந்தப் பேச்சு?

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது புதிய சட்டம். நல்லதுதான். ஆனால் இரு தரப்பாரும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறினால், அதையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடவும் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுத மறுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். தெருவில் நிற்கப்போவது குடியிருப்பவர். இது என்ன நியாயம்?

ஆனாலும் இந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் பிரிவுகளும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆகவே, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்த வாடகைக்குக் கையெழுத்திட்ட ரசீது கேட்பது உங்கள் உரிமை. குழாயை அடைப்பதும் பியூஸைப் பிடுங்குவதும் சட்ட விரோதம். வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே எறிய எவருக்கும் அதிகாரமில்லை.

வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பெரும் பணக்காரர்கள் அல்ல. பிராவிடண்ட் பண்டுப் பணத்தில் மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளியும் இருக்கிறார். அவருக்கும் எழுத்து ஒப்பந்தமே பாதுகாப்பு. நமது சண்டை அவரோடு அல்ல. குடியிருக்கும் இடத்தைச் சூதாட்டப் பண்டமாக்கிய கொள்ளைக்காரர்களோடுதான்.

காகிதத்தின் அருமை விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். "வேலைக்கு வராவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று மிராசுதார்கள் மிரட்டிய காலம் ஒன்று இருந்தது. குடிசை நின்ற மண் மிராசுதாருடையது; ஆகவே கூலி உயர்வு கேட்கவே வாய் வராது. செங்கொடியின் கீழ் உழைப்பாளிகள் நடத்திய நெடிய போராட்டங்களுக்குப் பிறகு, 1971ல் குடியிருப்பு மனையை அதில் வாழ்ந்தவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. மனை கையில் வந்த பிறகே பலருக்கு நிமிர்ந்து நின்று கூலி பேச முடிந்தது. நகரத்து லைன் வீட்டிலும் அதே கதைதான். இருக்க இடம் உறுதியில்லாதவன் மில் வாசலில் எப்படித் துணிந்து நிற்பான்?

ஆகவே, ஒப்பந்தம் எழுதாத குற்றத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டும் பிரிவைத் திருத்த வேண்டும். நியாய வாடகை நிர்ணயிக்கும் முறையை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று சர்க்காரைக் கோருகிறோம். அதுவரை சும்மா இருக்கலாகாது. ஒவ்வொரு லைனிலும் கூடிப் பேசுங்கள். தனித்தனியாகக் கேட்டால் "இஷ்டமில்லாவிட்டால் காலி செய்" என்பார் வீட்டுக்காரர். இருபது குடும்பங்கள் சேர்ந்து நின்று ஒப்பந்தமும் ரசீதும் கேட்டால், அப்படிச் சொல்ல அவருக்கு நா எழாது. சங்கத்துத் தோழர்கள் இதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.