யோவாகிம் வாசிக்காத கான்சர்ட்டோ

ஒரு வயலின் கலைஞரின் வாழ்க்கையை அவர் வாசித்தவற்றைக் கொண்டே நாம் மதிப்பிடுகிறோம். வாசிக்க மறுத்தவற்றையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மேற்கத்தியச் செவ்வியல் இசையை முறையாகப் பயின்றவனல்லன் நான், தமிழிலக்கியம் கற்பிப்பவன். ஆயினும் நெடுநாளாகக் கேட்டுவரும் ஷூமனின் வயலின் கான்சர்ட்டோ இக்கேள்வியை ஓயாமல் எழுப்புவதால் எழுதத் துணிகிறேன்.

கான்சர்ட்டோ என்பது தனிக்கருவியொன்று முழு இசைக்குழுவோடு இணைந்தும் எதிர்நின்றும் உரையாடும் வடிவம். தாளில் இருக்கும்வரை அது ஊமைதான். பெருங்கலைஞர் ஒருவர் தம் விரல்களையும், அவற்றோடு தம் பெயரையும் அதற்கு அளிக்கும்போதே அது உயிர் பெறுகிறது. பீத்தோவனின் வயலின் கான்சர்ட்டோவே இதற்குச் சான்று. 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் ஃபிரான்ஸ் கிளெமென்ட் அதை அரங்கேற்றினார். பின்னர் பல பத்தாண்டுகள் அது அரிதாகவே வாசிக்கப்பட்டது. 1844 மே 27 அன்று லண்டனில் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, 12 வயதுச் சிறுவன் ஒருவன் அதை வாசித்தான். அதன்பிறகு அப்படைப்பை எவராலும் ஒதுக்க இயலவில்லை. அச்சிறுவன்தான் யோசஃப் யோவாகிம்.

1853 மே மாதம் டுசல்டோர்ஃப் இசை விழாவில் யோவாகிம் அதே கான்சர்ட்டோவை வாசிக்க, ஷூமன் கேட்டார். அந்தக் கிளர்ச்சியில், செப்டம்பர் 21 தொடங்கி அக்டோபர் 3-க்குள், அவருக்காகவே தம் ஒரே வயலின் கான்சர்ட்டோவை எழுதி முடித்தார். யோவாகிம் அதை ஹனோவரில் இசைக்குழுவோடு ஒத்திகை பார்த்ததுண்டு; பொதுமேடைக்குக் கொண்டுவரவில்லை. 1854 பிப்ரவரியில் ஷூமன் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றப்பட்டு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டவர், 1856-இல் அங்கேயே இறந்தார்.

ஷூமனின் மனைவி கிளாரா, நண்பர் பிராம்ஸ், யோவாகிம் மூவரும் அப்படைப்பில் நோயின் சாயலைக் கண்டனர். ஷூமனின் முழுத்தொகுப்பில் அது இடம்பெறவில்லை. யோவாகிம் 1907-இல் மறைந்தபின், கையெழுத்துப் பிரதி பெர்லின் அரசு நூலகத்தை அடைந்தது, 1956 வரை வெளியிடலாகாது என்ற நிபந்தனையுடன்.

யோவாகிமைக் குற்றவாளியாக்குவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். நண்பரின் பெயருக்கு இழுக்கு நேரக்கூடாது என்ற அன்பே அவரை மௌனியாக்கியது. ஷூமனின் செல்லோ ரொமான்ஸ்களை 1893-இல் கிளாரா அழித்ததைப்போல அவர் இதை அழிக்கவுமில்லை. எனினும் அந்த அன்பில் ஒரு பிழை இருந்தது. தம் காலத்தின் முதன்மையான வயலின் கலைஞர் அவர். பிராம்ஸின் கான்சர்ட்டோவையே 1879-இல் அரங்கேற்றியவர். அவர் பேசாதிருந்தால் அதுவே தீர்ப்பு. மேடை அளித்த அதிகாரத்தைக் கொண்டு, பின்வரும் செவிகளுக்கும் சேர்த்து அவர் முடிவெடுத்துவிட்டார்.

அம்மௌனத்தை இறுதியில் உடைத்தது நாஜி அரசு. பிறப்பால் யூதரான மெண்டல்சனின் புகழ்பெற்ற வயலின் கான்சர்ட்டோவை அது மேடைகளிலிருந்து விலக்கியிருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஷூமன் தேவைப்பட்டார். 1937 நவம்பர் 26 அன்று பெர்லினில் கியோர்க் குலன்காம்ப்ஃப் வாசித்தார், தனிக்கலைஞருக்கான பகுதியில் மாற்றங்கள் செய்து. சிறுவன் யோவாகிமை லண்டன் மேடையேற்றியவரின் இடத்தில், யூதராகப் பிறந்த அதே யோவாகிம் மறைத்துவைத்த படைப்பு நிறுத்தப்பட்டது. இதைவிடக் கசப்பான முரணை வரலாறு எழுதியிருக்குமா என்பது ஐயமே. அடுத்த மாதமே அமெரிக்காவில், 21 வயது யெஹூதி மெனுஹின் ஷூமன் எழுதியவாறே அதை வாசித்தார். பீத்தோவனை மீட்டவனும் இளைஞன். யோவாகிம் புதைத்ததை மீட்டவனும் இளைஞன். முன்தீர்ப்புகளின் சுமை இளைஞர்களுக்குச் சற்றுக் குறைவு போலும்.

இப்படைப்பு குறையற்றதா? இல்லை. இறுதிப்பகுதிக்கு ஷூமன் குறித்த காலப்பிரமாணம் வியப்பூட்டும் அளவு மந்தமானது. பலர் அதை விரைவாக்கியே வாசித்தனர். ஆனால் நடுப்பகுதியைக் கேளுங்கள். நதியில் குதிப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஆவிகள் தமக்கு ஓர் இசையைச் சொல்லித்தந்ததாக ஷூமன் எழுதிவைத்தார். அது மாதங்களுக்கு முன் இந்த நடுப்பகுதியில் தாமே எழுதியதன் சாயல் என்பதை அவர் அறியவில்லை. நோய் என்று ஒதுக்கப்பட்டதற்குள் ஒரு மனிதன் தன்னையே அடையாளம் காணாது நின்ற இடம் இருக்கிறது. கிடோன் கிரெமரும் இசபெல் ஃபௌஸ்டும் இதைப் பதிவுசெய்திராவிடில் எனக்கு அது வாய்த்திராது.

பெரும்புலவரின் தளர்ந்த பாடல்களையும் ஏன் படிக்கவேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தளர்ச்சி என்று நீங்களே சொல்வதற்காகவேனும் படியுங்கள் என்பேன். கலைஞர் ஒரு படைப்பை விரும்பாதிருக்கலாம். வாசிக்க மறுப்பதும் அவர் உரிமை. பிறர் வாசிக்கும் வாய்ப்பையும் அடைத்துவைப்பது அவ்வுரிமையில் அடங்காது. நம் செவிகளைக் காப்பாற்றும் பொறுப்பை நாம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை, யோவாகிமிடம் கூட.