சேலத்தில் கொன்றது யார்?

அமெரிக்காவில் 1910-ல் 'ரோஸ் ஓ சேலம் டவுன்' என்றொரு மௌனப்படம் வந்தது. எடுத்தவர் கிரிபித். சேலம் என்றதும் நம் ஜில்லா என்று எண்ணிவிட வேண்டாம். இது மாசாசூசெட்சிலுள்ள கடலோர ஊர். பியூரிட்டன்கள் என்ற, கடும் ஆசாரம் பேசிய கிறிஸ்தவர்கள் குடியேறிய இடம்.

கதை என்ன? ஓர் ஆஷாடபூதி ஓர் இளம்பெண் மீது கண் வைக்கிறான். அவள் மறுக்கிறாள். உடனே தாயும் மகளும் சூனியக்காரிகள் என்று பழி சுமத்துகிறான். தாயை எரிக்கிறார்கள். மகளைக் காதலன் மீட்டுவிடுகிறான். சுபம்!

உண்மையில் சேலத்தில் ஒருவரையும் எரிக்கவில்லை. 1692-ல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவர் மீது பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

தீயா, கயிறா என்பதல்ல நம் சண்டை. கொலைகாரன் யார் என்பதில்தான் படம் கண்ணில் மண்ணைத் தூவுகிறது. அந்தக் காமுகன் ஒருவன் இல்லாவிட்டால் ஊர் சுகமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கொட்டகையிலிருந்து எழுந்து போகலாம். இதே கிரிபித்தான் 1915-ல், கறுப்பின மக்களை வேட்டையாடிய கூ-க்ளக்ஸ்-கிளான் கும்பலை வீரர்களாகக் காட்டிப் படமெடுத்தவர். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

முதலில் பிடிபட்டவர்கள் யார்? பாரிஸ் பாதிரியின் அடிமை டிட்டுபா. வீடு வீடாகப் பிச்சை கேட்ட சாரா குட். சொத்துத் தகராறில் சிக்கிய நோயாளி சாரா ஆஸ்போர்ன். இவள் சிறையிலேயே மாண்டாள்.

'இவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது' என்றால் அதுவே சாட்சி. அதைக் கவர்னர் அமைத்த கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. பெரிய மனிதர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து தீர்ப்பெழுதினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவள் பிழைத்தாள். 'நான் நிரபராதி' என்று நின்றவள் தூக்குமரம் ஏறினாள். நியாயம் எப்படி!

சாரா குட்டின் சின்னஞ்சிறு மகளை, நாலைந்து வயதுக் குழந்தையை, விலங்கு போட்டு அடைத்தார்கள். கைக்குழந்தை சிறையிலேயே செத்தது. ஜூலை 19-ல் தாயைத் தூக்கிலிட்டார்கள். இதற்கெல்லாம் கணக்கும் எழுதினார்கள்! சிறையில் தின்ற சோற்றுக்குக் காசு, காலில் மாட்டிய விலங்குக்கும் காசு. விடுதலை என்று தீர்ப்பு வந்தாலும் பாக்கியைக் கட்டாமல் கதவு திறக்காது. ஷெரிப்போ கைதிகளின் ஆடுமாடுகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வாரிக்கொண்டு போனான்.

பிலிப் இங்கிலீஷ் என்ற கப்பல் முதலாளியும் அவர் மனைவியும்கூடப் பிடிபட்டார்கள். சொத்து பறிபோனது, ஆனால் இருவரும் நியூயார்க்குக்குத் தப்பிவிட்டார்கள். பிச்சைக்காரி எங்கே தப்புவாள்?

கடைசியில் கவர்னர் பிப்சின் மனைவி பெயரும் அடிபட்டது. அக்டோபரில் கவர்னர் அந்தக் கோர்ட்டைக் கலைத்தார். அதுவரை அவருக்குக் கண் தெரியவில்லை போலும்!

டிட்டுபா அப்போதும் வெளியே வரவில்லை. அவளுடைய சிறைப் பாக்கியைக் கட்டப் பாதிரி மறுத்துவிட்டார். 1693-ல் வேறொருவன் பணத்தைக் கட்டி, அவளைத் தன் அடிமையாக்கிக்கொண்டு போனான்.